வெண்கலத்தில் முளைக்காத மீசை

நெரெய்தா துணியைத் தூக்கிப் பார்த்தாள், கீழே விட்டாள், மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். வெண்கலப் பலகையில் எலிகியோவின் முகம் அச்சு அசலாக இருந்தது. மீசைதான் இல்லை.

சாண்டோ டொமிங்கோவில் எலிகியோவின் பந்துவீச்சைப் பார்த்து நடுங்கியவர்களைவிட மீசையைப் பார்த்து நடுங்கியவர்களே அதிகம். பேஸ்பால் அருங்காட்சியகத்தில் அவருடைய பலகையைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம். அமைச்சர் கிளம்பிவிட்டார். வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. நெரெய்தா நிர்வாகியாகி இருபது நாள்தான் ஆகிறது.

"ரதமேஸ் அண்ணே! ஷூ பாலீஷ் இருக்கா?"

காவலாளி ரதமேஸ் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அவள் மீசை வரைந்தாள். மேலே எரிந்த விளக்கின் சூட்டில் அது இளகித் தாடியாக இறங்கியது.

"மேடம், சாமியார் ஆயிட்டாரு!"

துடைத்தாள். முகம் முழுக்கக் கறுத்தது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, துடைப்பத்து நாரை வெட்டிப் பசை போட்டு ஒட்டினார்கள். ஒரு முனை கூரையைப் பார்த்தது, மறுமுனை தரையைப் பார்த்தது.

"பிய்ங்க, பிய்ங்க!"

ரதமேஸ் பிய்த்தார். அதே கையால் வியர்வையைத் துடைத்தார். மீசை அவருடைய மேலுதட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து எலிகியோ, மனைவி மிலாக்ரோஸுடன் உள்ளே வந்தார்.

"என்னடா, நக்கலா?" என்று ரதமேஸை முறைத்தவர், பலகையைப் பார்த்தார். "இது எவன்?"

"நீங்கதான் சார்" என்றாள் நெரெய்தா.

"நானா? உரிச்ச முட்டை மாதிரி இருக்கான்! மிலாக்ரோஸ், வா போகலாம்!"

நெரெய்தா கதவை மறித்து நின்றாள். அமைச்சரின் கார்ச் சத்தம் கேட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"சார், வெண்கலத்துக்கு மீசை முளைக்காது. உங்களுக்கு ஒரு மாசத்துல முளைச்சிரும். என் வேலை போனா முளைக்காது சார்!"

எலிகியோ மீசையைத் தடவினார். வெளியே ஜனம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவள் கண் கலங்கியதையும் பார்த்தார்.

"பிளேடு இருக்காடா?"

கழிவறையிலிருந்து அவர் வந்தபோது ரதமேஸுக்கே அடையாளம் தெரியவில்லை. "யாருய்யா நீ, டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டார்.

பலகையைத் திறந்தார்கள். அமைச்சர் எலிகியோவின் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!" என்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மிலாக்ரோஸ் எல்லார் முன்னாலும் கணவருக்கு முத்தம் கொடுத்தாள், விடவே இல்லை.

நெரெய்தா தயங்கித் தயங்கி அவளிடம் போனாள். "மன்னிச்சிருங்கம்மா. அந்தச் சிற்பிய நான் சும்மா விடப்போறதில்ல."

"அவனைத் திட்டாதடி, தங்கம்" என்று மிலாக்ரோஸ் அவள் காதில் கிசுகிசுத்தாள். "முப்பத்திரெண்டு வருஷம் எடுங்கன்னு இவருகிட்ட கெஞ்சிப் பாத்து அலுத்துப்போயி, போட்டோல மீசைய அழிச்சு அவனுக்கு அனுப்புனதே நான்தான்."