கரடிக்கு ஓர் ஆட்சேபணை

சட்டம் ஓரிடத்தில் உட்காராது. அதிலும் சுற்றுச்சூழல் சட்டத்துக்குக் காலில் சக்கரம். "விதி ஐந்தில் 'அல்லது' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மற்றும்' என்ற சொல் இடப்படும்" என்று அரசிதழில் ஒரே ஒரு வரி வரும். அந்த வரியால் எங்கோ ஒரு தொழிற்சாலையில் புகைபோக்கி இடம் மாறும், ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். இப்படிப்பட்ட வரிகளைத் துரத்திப் பிடிப்பதுதான் என் பிழைப்பு.

மைசூரில் குடியிருந்துகொண்டு, நஞ்சன்கூட்டைத் தாண்டி இருக்கும் ஓர் ஊதுவத்தித் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்த புதிது. (பெயர்தான் பெரிது. ஜெனரேட்டர் லைசென்ஸ் புதுப்பிப்பதும் அதில் அடக்கம்.) காபி குடிப்பதற்கு முன் அரசிதழ் பார்த்துவிடுவேன். மனைவி சுமதி காய்கறித் தோலை எந்த வாளியில் போட்டாலும் அது எந்த விதியின் கீழ் வருகிறது என்று பாடம் நடத்துவேன். அவள் அந்த வாளியை என் கையில் கொடுத்து, எந்த விதியாக இருந்தாலும் கீழே கொண்டுபோய்க் கொட்டச் சொல்வாள்.

இவ்வளவு மேதாவிக்கு ஒரு சின்னக் குறை இருந்தது. கன்னடம் படிக்க வராது.

பேசுவேன். நன்றாகவே பேசுவேன். அப்பா ரயில்வேக்காரர், குவார்ட்டர்ஸில் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் கன்னடம். ஆனால் மத்திய அரசுப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கன்னட எழுத்தை நான் பஸ் போர்டில் கற்றேன். முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பது, மீதியை ஊகிப்பது, இதுதான் என் முறை. 'நஞ்ச' என்று தெரிந்தால் நஞ்சன்கூடு, ஏறிவிடலாம். அந்த முறை என்னை ஒருநாளும் தவறான ஊரில் இறக்கிவிட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் வேலைக்கான நேர்காணலில் முதலாளி "ஓதக்கெ பரெயக்கெ பருத்தா?" என்று கேட்டபோது, எழுதப் படிக்க நன்றாகவே வரும் என்று சொல்லிவைத்தேன்.

முதலாளி நாகராஜப்பா நல்ல மனிதர். தொழிற்சாலையை ஒட்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புது ஷெட் போட ஒரு நிலம் வாங்கியிருந்தார். வாழ்நாள் ஆசை அது. குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, காட்டைச் சுற்றி எல்லை போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது, அந்த நிலத்துக்கு ஆபத்தாக ஏதாவது சட்டம் வந்தால் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் உன் வேலையை நிரந்தரம் செய்துவிடலாம் என்றார். ஆகவே அவருடைய நிலமும் என்னுடைய சோறும் ஒரே கயிற்றில் தொங்கின.

அவர் போன சில நாட்களில், பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு கன்னட நோட்டீஸை யாரோ படமெடுத்து அவருக்கு அனுப்ப, அவர் கங்கைக் கரையிலிருந்து படிக்காமலேயே எனக்குத் தட்டிவிட்டார். பார்த்து ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்று கீழே ஒரு வரி.

நான் என் முறைப்படி படித்தேன். முதல் இரண்டு எழுத்து, 'கர'. அடுத்து ஒரு 'ட' மாதிரி. கரடி. அதற்கடுத்த சொல் எனக்குத் தெரியும். 'அதிசூசனெ' என்றால் அறிவிக்கை. ஆக, கரடி அறிவிக்கை.

சிரிக்காதீர்கள். மைசூரில் சிறுத்தை வருவது ஒரு செய்தியே இல்லை. கரடியின் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதானே? மேற்கொண்டு படித்தால் எல்லாம் பொருந்தியது. காடு என்று ஒரு சொல். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் பெயர்கள். வரிசையாக சர்வே எண்கள், அதில் எங்கள் புது நிலத்தின் எண்ணும் இருந்தது. கரடி அங்கெல்லாம் தென்பட்டிருக்கிறது! கடைசியில் எழுத்துக் கூட்டி ஒரு முழு வரியே படித்துவிட்டேன்: "ஈ கரடிகெ ஆக்ஷேபணெ இத்தல்லி..." இந்தக் கரடிக்கு ஆட்சேபணை இருந்தால் அறுபது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன ஒரு ஜனநாயகம் என்று எனக்குக் கண் கலங்கியது.

கலக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் மசாலா ஊதுவத்தியில் தேன் சேர்ப்போம். பின்னாலிருந்த கொட்டகையில் டிரம் டிரம்மாகத் தேன் இருந்தது.

அன்றே களத்தில் இறங்கினேன். தேன் டிரம்கள் எல்லாம் முதலாளியின் ஏசி அறைக்குப் போயின. வத்தி உருட்டும் பெண்களிடம் ஆளுக்கொரு தட்டும் கரண்டியும் கொடுத்தேன். கரடி வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை. காவலாளி மாதேவண்ணா கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரடியாக வந்தார். பெண்கள் தட்டைத் தட்டி விரட்ட வேண்டும் என்பது திட்டம். அவர்களோ கரடியைச் சுற்றி வளைத்து, கம்பளியைப் பிடுங்கி, வாய்க்கால் வரை துரத்திவிட்டு, வாரம் ஒருமுறை இது வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்கும் ஒரே பெருமை.

வீட்டில் சொன்னேன். சுமதிக்கு ஊர் ராமாபுரம், கர்நாடகத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம். அங்கே காடும் விலங்கும் அக்கம்பக்கம். பேசுவது தமிழ், படித்ததெல்லாம் கன்னடப் பள்ளி, இப்போது ஒரு கன்னடப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஏனுங்க, கரடி வர்றதுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்கன்னு எந்த ஊருக் கவர்மெண்டுங்க கேக்கும்? அந்தக் காயிதத்தக் காட்டுங்க பாக்கலாம்."

"அது அலுவலக ரகசியம்" என்றேன். (காட்டினால் என் கன்னடம் வெளுத்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன.)

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆட்சேபணையை வேறு எழுதினேன். தொழிற்சாலையின் லெட்டர்ஹெட்டில், அழகான ஆங்கிலத்தில். நாங்கள் தேன் பயன்படுத்தும் சிறு நிறுவனம் என்பதால் இந்தக் கரடிக்கு எங்கள் கடும் ஆட்சேபணையைத் தெரிவிக்கிறோம். எங்கள் சர்வே எண்ணின் காட்டுப் பக்க வேலியையே எல்லையாகக் கொண்டு கரடியை அதற்கு அப்பாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கரடி தவிர்க்க முடியாதது என்றால் வேலை நேரம் முடிந்த பிறகு மட்டும் அமலுக்குக் கொண்டுவர வேண்டும். படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியைச் சரிசெய்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மைசூரில் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது முதலாளி ஊர் திரும்பியிருந்தார். (அவருடைய அறை தேன்கூடாகியிருந்ததைப் பற்றி அவர் சொன்னதை எழுதவேண்டாம். காரணம் கேட்கும் பொறுமை அவருக்கு இருக்கவில்லை.) இருவரும் போனோம். கூட்டம் நிறைந்திருந்தது. விவசாயிகள், ரிசார்ட்காரர்கள், கல்குவாரிக்காரர்கள். ஒரு கரடிக்கு ரிசார்ட்காரர்கள் இவ்வளவு கோபப்படுவார்களா என்று முதன்முறையாக லேசாகச் சந்தேகம் வந்தது. எங்கள் முறை வந்தது. நடத்திய அதிகாரி ஒரு அம்மா, கண்டிப்பான முகம்.

"யாவுதக்கெ ஆக்ஷேபணெ?" எதற்கு ஆட்சேபணை என்று கேட்டார்.

"கரடிகெ, மேடம்" என்றேன்.

அவர் தலையசைத்தார். பக்கத்தில் முதலாளியும் தலையசைத்தார். அப்பாடா என்று உட்காரப் போனேன். அந்த அம்மா என் கடிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. இரண்டாம் வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலை நேரம் முடிந்த பிறகு மட்டும் என்ற இடத்துக்கு வந்தபோது அந்தக் கண்டிப்பான முகம் மேசைமேல் கவிழ்ந்துவிட்டது, தோள் மட்டும் குலுங்கியது.

விஷயம் இதுதான். நோட்டீஸில் இருந்தது கரடி இல்லை, 'கரடு'. கன்னடத்தில் கரடு என்றால் வரைவு. காட்டைச் சுற்றி எந்த நிலத்தில் எது கட்டக்கூடாது என்று எல்லை போடும் வரைவு அறிவிக்கை. வரைவு அறிவிக்கைகளை ஆங்கிலத்தில் தினமும் படித்துக் கிழிக்கும் நான், அதையே கன்னடத்தில் பார்த்ததும் தேனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். என் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு. கரடுக்கு என்றாலும் கரடிக்கு என்றாலும் கன்னடத்தில் 'கரடிகெ'தான். நான் வாயால் சொன்ன பதில் இலக்கண சுத்தமான சரியான பதில். கடிதம்தான் காலை வாரிவிட்டது.

அரங்கமே சிரித்தது, கல்குவாரிக்காரர்கள் கூட. எனக்கு அந்த நிமிஷம் கரடி வந்து தூக்கிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும் போலிருந்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய நிலம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். முகம் வெளிறி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மறுபடி படித்தார். பிறகு சொன்னார்: சர்வே எண் இருக்கிறது, எல்லை எங்கே வர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது, கெடுவும் முடியவில்லை, கரடியை மட்டும் எடுத்துவிட்டால் இன்று வந்ததிலேயே ஒழுங்கான ஆட்சேபணை இதுதான். பேனாவை நீட்டி, இங்கேயே திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

எழுதினேன். "'கரடி' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் 'வரைவு எல்லை' என்ற சொற்கள் இடப்படும். வேலை நேரம் பற்றிய வரி நீக்கப்படும்." வாழ்நாளெல்லாம் அடுத்தவர் திருத்தங்களைத் துரத்தியவன் சொந்தமாகக் கொண்டுவந்த ஒரே சட்டத் திருத்தம் அதுதான்.

இறுதி அறிவிக்கையில் எல்லை எங்கள் நிலத்தைத் தொடாமல், காட்டுப் பக்கமே நின்றுவிட்டது. என் கடிதத்தாலா என்று தெரியாது. முதலாளி கரடியின் அருள் என்கிறார். புது ஷெட்டுக்குக் கரடி ஷெட் என்றே பெயர். திறப்பு விழாவுக்கு மாதேவண்ணா கம்பளியோடு வந்தார். என் வேலை நிரந்தரமானது, கன்னடம் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுமதி ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி வந்து, குச்சியோடு உட்கார்ந்து, 'கரடு', 'கரடி' இரண்டையும் என்னை எழுத வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முடிவாகாத எதுவும் கரடிதான். ஊருக்குப் போகும் திட்டம் கரடி, சோபா வாங்குவது கரடி. மகள் பிறந்து, தலை நிறைய முடியோடு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ராமாபுரத்திலிருந்து வந்த மாமனார், பேர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

"இப்போதைக்குக் கரடிங்கப்பா" என்றாள் சுமதி. "ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. பெயர் சூட்டு விழாவில் யாழினி என்று இறுதி அறிவிக்கை வெளியிட்டோம். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என்னைவிட நன்றாகக் கன்னடம் படிக்கிறாள். வீட்டில் மட்டும் இன்றுவரை வரைவுதான் அமலில் இருக்கிறது.