அசையாத சீட்டு

ஒரு கணவன் சில முடிவுகளையாவது மனைவியைக் கேட்காமல் எடுக்க வேண்டும். நானும் ஒன்று எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் முறை. நானும் பதினாறு வயது மகளும் சேர்ந்து, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் புதுசாக்கப் போகிறோம்!

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"பொண்ணு எப்பப் பாரு போனும் கையுமா இருக்கா. அப்பாவோட சேர்ந்து ஒரு வேலை செஞ்சா மனசுவிட்டுப் பேசுவா. பாசம் வளரும்."

"பாசம் வளர்றதுக்குக் காரு வேணுமா? தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து தேய்ங்க. பாசமும் வளரும், பாத்திரமும் பளபளக்கும்."

நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். இல்லறம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அது.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்த வண்டியில் ரெண்டே சீட்டு. பின்சீட்டு என்பதே கிடையாது. ஒன்றில் நான், இன்னொன்றில் மகள். மனைவிக்கு இடமில்லை. அடடா, என்ன செய்வது, வண்டி செய்தவன் அப்படிச் செய்துவிட்டான்!

ஏன் இந்த வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் காரில் நான் ஸ்டியரிங்கைத்தான் பிடிப்பேன்; வண்டியை ஓட்டுவது பக்கத்து சீட்டிலிருந்து அவள்தான். "பிரேக்கு, பிரேக்கு! நாய் வருது!" நாய் எதிர்வீட்டு மாடியில் நிற்கும். அவள் தனியாக எடுத்துப் போகும் நாளில் சீட்டை முன்னால் இழுத்துவிடுவாள். அவள் உயரம் அப்படி. மறுநாள் நான் அவசரமாக ஏறினால் முட்டி டாஷ்போர்டில் இடிக்கும். நான் பின்னால் தள்ளுவேன். அவள் முன்னால் இழுப்பாள். எங்கள் தாம்பத்தியமே அந்தச் சீட்டு ஓடும் தண்டவாளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் ஏங்கினேன். கடற்கரைச் சாலை, திறந்த வண்டி, பக்கத்தில் மகள், மிச்சமிருக்கும் நாலு முடியும் காற்றில் பறக்க நான். ஒரே ஒரு தடவை, யாரும் "பிரேக்கு" சொல்லாமல்.

வண்டி வந்து சேர்ந்தது. சிவப்பு என்று சொல்லி விற்றார்கள், பாதி துரு. எஞ்சினுக்குள் ஒரு எலிக்குடும்பம் இருந்தது, எங்களைவிட ஒற்றுமையாக. மகள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே எஞ்சினைப் பிரித்தாள், துடைத்தாள், மாட்டினாள். ஆக, போனை ஒரு நொடியும் கீழே வைக்கவில்லை. நான் டார்ச் பிடித்தேன். பாசம் பொங்கி வழிந்தது.

"அப்பா, லைட்டை என் கண்ணுல அடிக்காதீங்க."

"சரிம்மா."

"அப்பா, அந்த ஸ்க்ரூ மேல உக்காராதீங்க."

"சரிம்மா."

கடைசியில் டிரைவர் சீட்டு மட்டும் பாக்கி. அதன் தண்டவாளம் துருவேறி மக்கிப் போயிருந்தது. வெல்டிங்காரர் வந்து பார்த்தார். "புதுசு தேடிப் போடலாம். இல்லேன்னா ஒரே இடத்துல வெச்சு வெல்டிங் அடிச்சுடலாம். ஆனா அப்புறம் நகராது."

நகராதா! என் காதில் தேன் பாய்ந்தது. மனைவிக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். "அடிச்சுடுங்க! இந்த வண்டியில சீட்டை முன்னாடி பின்னாடி இழுக்கற பேச்சே இருக்கக் கூடாது. ஒரே அளவு, ஒரே டிரைவர்!"

மனைவி வாசலுக்கு வந்தாள். "அப்புறம் மாத்தவே முடியாதா?"

"முடியவே முடியாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆம்பள ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"சரிங்க" என்றாள். அவள் சட்டென்று "சரிங்க" சொன்னால் மற்ற கணவன்மார்கள் உஷாராகிவிடுவார்கள். நான் பூரித்துப்போனேன்.

பூரித்த வேகத்தில் ஸ்டெப்னி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டினேன். இடுப்பில் 'கடக்' என்றது. டயர் கீழே விழுந்தது. அதன் மேல் நான்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவள், என்னுடையதை மட்டும் வளைத்தே வைத்திருக்கிறாள். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நான் அலறினேன்.

"சதை பிடிச்சிருக்கு. நான் சொல்ற வரைக்கும் கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வெல்டிங் வேலையை நாங்க பாத்துக்கறோம்."

படுத்துக்கொண்டே மேற்பார்வை செய்தேன். ஷெட்டில் வெல்டிங் சத்தம் கேட்டது. நான் இங்கிருந்து கத்தினேன்.

"அளவெல்லாம் சரியா எடுத்தீங்களா?"

"நூல் பிசகலப்பா!"

"சீட்டு அசையாதே?"

"பூகம்பமே வந்தாலும் அசையாதுப்பா!"

என்ன பொறுப்பான பெண் என்று கண் கலங்கினேன்.

எழுந்து நடமாட உத்தரவு கிடைத்தது. புதுச்சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் ஷெட்டுக்குப் போனேன். வண்டி சிவப்பாக ஜொலித்தது. கதவைத் திறந்து வலதுகாலை உள்ளே வைத்தேன். இடதுகாலுக்கு இடமில்லை. மடக்கினேன், முறுக்கினேன், மூச்சை இழுத்துப் பிடித்துத் திணித்தேன். முட்டி ரெண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. மூச்சை விட்டேன். என் தொந்தி ஹாரனை அமுக்கியது. அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருக்க, தெருவே எட்டிப் பார்த்தது. மனைவியும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள்.

மனைவி நிதானமாக ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது.

"இது யாரோட அளவு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னோடதுதான். நீங்க படுத்துக்கிட்டு இருந்தீங்க. படுத்திருக்கறவருக்கு உக்கார்ற அளவு எப்படிங்க எடுக்கறது?"

"வெட்டி எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்றேன்!"

"ஆம்பள ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்னீங்களே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது பக்கத்தில் சாட்சி கிடையாது.

சரி, பக்கத்து சீட்டாவது மிஞ்சட்டும் என்று அந்தப் பக்கம் ஓடினேன். மகள் ஏற்கெனவே பெல்ட் மாட்டியிருந்தாள்.

"எஞ்சின் நான் கட்டினதுப்பா. கூடவே வந்து சத்தத்தைக் கேக்கணும்."

"நியாயந்தானே?" என்றாள் மனைவி. "பொண்ணு பெத்தவங்களோட மனசுவிட்டுப் பேசணும்னுதானே வாங்குனீங்க? கடற்கரை ரோடு முழுக்கப் பேசிக்கிட்டே போறோம்."

என் கடற்கரை, என் காற்று, என் நாலு முடி! வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வாசலைத் தாண்டவில்லை, "பிரேக்கு, பிரேக்கு!" என்று மகளின் குரல் கேட்டது. அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு.

அதுவும் நிலைக்கவில்லை. வண்டி நின்றது. மனைவி தலையைத் திருப்பினாள். என்னை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாக்கும் என்று அருகே ஓடினேன்.

"ஏங்க, நீங்க ஸ்கூட்டர்ல பின்னாடியே வாங்க. வழியில நின்னு போச்சுன்னா தள்ள ஒரு ஆள் வேணுமில்ல?"

"என் முதுகு?"

"தள்ளலாம். தள்ளறது முதுகுக்கு ரொம்ப நல்லது."

நான் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.