பூட்டுக்காரரின் விளக்குக்குத் தொப்பி தைத்த படலம்

ஊசிமுனையால் உலகை ஒட்டவைப்பவளே, அளவுநாடாவை ஆரமாய் அணிந்தவளே, தொப்பை பெருத்தோர் சட்டைக்கும் விமோசனம் தந்தவளே, மூன்றாம் மாடித் தையற்காரியே, நின் புகழைப் பாடப் புகுந்த என் நாவில் நூல் அறாதிருக்கட்டும்!

நானூறு ஆண்டுக்கொருமுறை வரும் வால்மீன் ஒன்று அன்று மாலையோடு விடைபெறவிருந்தது. பொழுது சாய்ந்தபின் மேற்கு வானில் முக்கால் மணி நேரம். அவ்வளவே அதன் தரிசனம். அதற்கெனவே மொட்டைமாடியில் தொலைநோக்கியை நாட்டி ஒரு வாரமாய்த் தவமிருந்தாள் தையற்காரி. அத்தவத்தைக் கலைக்கவென்றே எதிர்வீட்டு வாயிலின்மேல் வீற்றிருந்தான் ஓர் அரக்கன்: இருநூறு வாட் விளக்கு! நிலம் நோக்க வேண்டிய முகத்தை நிமிர்த்தி வானை முறைத்த அக்கொடியோன், விண்மீன்களை விழுங்கி ஏப்பமிட்டான். பூச்சிகளை ஆயிரமாயிரமாய் அழைத்து மாய்த்தான். அவன் ஒளியில் மதிமயங்கிய காகங்கள் இரவு எட்டு மணிக்கே விடிந்ததென்று கரைந்து, வேலைக்குக் கிளம்பி, வெட்கித் திரும்பின.

அவனை ஏற்றியவர் பூட்டுக்காரர். ஊர்க்கதவுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்ட அம்மாவீரர், சென்ற மாதம் தம் வாசலிலேயே செருப்பைக் களவு கொடுத்தார். அந்த அவமானமே விளக்காய் எரிந்தது. விளக்கையும் கொண்டுபோய்விடுவார்களென்று அஞ்சி, அசையாதபடி இரும்போடு பற்றவைத்தும் இருந்தார்.

கதிரவன் வீழ்ந்தான், அரக்கன் விழித்தான். நாத்தனார் ஒருத்தியையே நால்வகைப் படையாய்க் கொண்டு படியிறங்கினாள் நம் தலைவி.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லைட்டை அணைச்சிடுங்க. வால்நட்சத்திரம் போயிடும்."

"போனா போகட்டும்மா. செருப்பு போனா யாரு தருவா? புதுச் செருப்பு. இன்னும் கடிக்கிறதைக்கூட நிறுத்தலை."

"உங்க வெளிச்சம் செருப்பு மேலயா விழுது? வானத்துலதானே விழுது! வானத்துல எவன் வந்து செருப்பு திருடுறான்?"

பூட்டுக்காரர் குனிந்து நோக்கினார். இருநூறு வாட் எரிந்தும் செருப்புகள் தூணின் நிழலில் இருண்டு கிடந்தன. அணைக்க மனமின்றி, ஏணி சாத்தி ஏறி விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பப் பார்த்தார்; தாமே பற்றவைத்த இரும்பு அசையவில்லை.

அக்கணமே வீடு நோக்கிப் பாய்ந்த தையற்காரி, பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து வெற்றுத் தகரத்தோடு மீண்டாள். ஆனால் தகரத்தை வெட்டுவது எதனால்? தையற்குலத்தின் தலையாய அறம் ஒன்றுண்டு: கத்தரிக்கோல் துணியன்றிப் பிறிதொன்றைத் தீண்டலாகாது. காகிதம் வெட்ட அதைத் தொட்ட கணவனை மூன்று நாள் பேச்சின்றித் தண்டித்தவள் அவள். அத்தகையவள் கண்ணை இறுக மூடி, கத்தரியின் வாயைத் திறந்து, தகரத்தைக் கவ்வச் செய்தாள்.

"அண்ணி! அது துணி வெட்டுற கத்தரிக்கோலு!"

"தெரியும். ஏணியைப் பிடி."

கவசம் பிளந்த களிறெனத் தகரம் பிளிறிற்று. தெருநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு சிதறின. எஃகின் கூர்முனை பல்லிளித்தது. ஒரு துளிக் கண்ணீர். இன்னும் இருபதே நிமிடம்! ஏணியேறினாள் ஏந்திழை. ஈசல்படை எதிர்த்தது, ஒன்று வாயினுள் புகுந்து வீரமரணம் எய்தியது. மனம் இளகிய பூட்டுக்காரர் கம்பியை நீட்ட, அரக்கன் தலையில் தகரத் தொப்பியைக் கவிழ்த்து முறுக்கினாள். மறுகணம் ஒளியெல்லாம் மண்ணில் இறங்க, முடிசூடிய இரு மன்னரெனச் செருப்புகள் பளபளத்தன.

மேலே, ஒளிந்திருந்த விண்மீன்கள் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தன. மூவரும் மூச்சிரைக்க மாடியேறினர். தொலைநோக்கியில் கண் பதித்தாள் தையற்காரி. கருந்துணியில் இழைபிரிந்த வெண்ணூல்போல் மேற்கே நீண்டிருந்தது வால்மீன். பிறகு விலகி வழிவிட்டாள்.

"அடேங்கப்பா," என்றார் பூட்டுக்காரர். "இதையாம்மா இத்தனை நாளா மறைச்சு வச்சிருந்தேன்?"

முழங்குக முரசு! அரக்கன் தலைகுனிந்தான், இருள் தன் அரியணையை மீட்டது, எட்டுத் திக்கும் அறிக, இவ்விரவை இருட்டாக்கியவள் இவளே, இவளன்றி வேறெவரும்...

அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.