துணி காயவைக்கும் ஜெட்

மழை விடாத இடவ மாசத்தில் ஜித்தின் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அதைக் கதவில் நின்று வாங்கியது அவன் மனைவி பின்சி. ஜித்தினுக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

பின்வாசலுக்கு மேலே தகர ஷீட்டு போட்டுத் தருகிறேன் என்று அவன் சொல்லிச் சொல்லியே போன மழையும் போய்விட்டது. கைப்பிள்ளையின் நாப்கின்கள் கட்டில் கால், ஜன்னல் கம்பி, டிவி என்று கண்ட இடமெல்லாம் தொங்கின. இந்த நேரத்தில் பொம்மை விமானம் செய்யப்போகிறேன் என்று சொல்ல அவனுக்கு என்ன, பிராந்தா?

"இது என்னவாக்கும்?"

பெட்டிக்குள் ஒரு குழாய். குழாய்க்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி. ஜெட்டின் வயிற்றில் வைக்கிற மோட்டார் அது.

"காத்து அடிக்குத மெஷின் பிள்ளே. நாப்கின் காய வைக்க. நானே செய்யப்போறேன்."

"எனக்கு வேண்டியா?"

"பின்னே ஆருக்கு?"

பின்சி ஒரு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். ஒரு பொய் இவ்வளவு சுகமாகப் போய்ச் சேரும் என்று அவனே நினைக்கவில்லை.

அன்றுமுதல் கடை விட்டு வந்தால் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. ஃபோம் போர்டை வெட்டினான், வளைத்தான், ஒட்டினான். விசிறிக்குக் காற்று போதவில்லை என்று முன்வாயை அகலமாக்கினான். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டைப் பூசினான். பின்சி பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நிற்பாள்.

"இதுக்கு ரெக்கை எதுக்காக்கும்?"

"காத்து ரெண்டு பக்கமும் சிதறாம இருக்கும்."

"வாலு?"

"முன்பக்கம் பாரம்லா. கவுந்துராம இருக்க."

"சக்கரம்?"

"துணி கெடக்குத எடத்துக்கு உருட்டிக்கொண்டு போலாம்."

"உள்ள ஒரு குட்டி மனுசன் தொப்பி போட்டு இருக்குதாரே?"

"அது... கண்ணு படாம இருக்க."

"நல்ல காரியம்," என்றாள் பின்சி.

ஒரு சனிக்கிழமை வானம் வெளுத்தது. பெருங்கடவிளைப் பக்கம் ரப்பர் மரங்களை முறித்து அகற்றிய வெட்டவெளியில் கூட்டுக்காரன் சிஜு காத்திருந்தான். முதல் பறப்பு. மூன்று பேட்டரியும் முழுச் சார்ஜ். போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிற சாதனம்தான். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இத்தனை பொய். ஜெட்டை அணைத்துக்கொண்டு பூனைபோல் பின்வாசலில் இறங்கினான்.

அங்கே பின்சி வாளியோடு நின்றாள். கூடவே அயல்வீட்டு லேகா, நனைந்த பெட்ஷீட்டோடு. லேகாவின் மாமியார் சத்தியபாய்க்கு நாற்காலியே போட்டாயிற்று.

"மெஷின் செய்து தீந்துட்டு எண்ணு பின்சி சொன்னா," என்றார் சத்தியபாய். "ஒண்ணு காட்டு மக்கா, பாப்போம்."

துவைகல்லில் ஜெட்டைக் கயிறு போட்டுக் கட்டியது பின்சிதான். ஜித்தின் ரிமோட்டை முடுக்கினான். நாய் ஊளையிட்டதுபோல ஒரு சத்தம். முதல் நாப்கின் கொடியை விட்டுக் கிளம்பி, மரச்சீனிச் செடிகளுக்கு மேலே பறந்து, வாழையில் போய்த் தொங்கியது. லேகா கைதட்டினாள். பேட்டரி தீர்ந்தது.

"இன்னும் உண்டுல்லா?" என்றாள் பின்சி.

இரண்டாவது பேட்டரியும் தீர்ந்தது. லேகா பெட்ஷீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரம் அப்பிடியே இருக்கு." பின்சி மூன்றாவது பேட்டரிக்குக் கையை நீட்டினாள்.

ஜித்தின் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "இது மெஷினும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! பிளேனாக்கும்! பறக்குத பிளேன்!"

"எனக்கு அறியும்," என்றாள் பின்சி. "பெட்டிக்க மேல படம் போட்டிருந்துதே."

"பின்னே எதுக்கு இதெல்லாம்?"

"நாலு ஆளுக்க முன்ன நீங்களே சொல்லணும் எண்ணு இருந்தேன். அப்போ இந்த வீட்டுல துணி காய ஒரு மெஷினும் இல்ல. ஷீட்டு போடாம வேற வழி உண்டா மாமி?"

"ஒரு வழியும் இல்ல," என்றார் சத்தியபாய், கோர்ட்டில் தீர்ப்பு சொல்வதுபோல.

பின்சி கேட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். வெல்டர் ராஜையா உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு மினிலாரி நிறையத் தகரமும் பைப்பும்.

"கையாளு இண்ணு வரல்ல," என்று ராஜையா ஜித்தினை ஏற இறங்கப் பார்த்தார். "மேல ஏற ஒருத்தர் வேணும்."

கொஞ்ச நேரத்தில் ஜித்தினின் போன் அடித்தது. அவனுக்கு இரண்டு கையிலும் தகரம். பின்சி எடுத்தாள்.

"அக்கா, நான் எம்பிடு நேரமா இஞ்ச நிக்கேன்," என்றான் சிஜு. "பிளேன் கிளம்பிச்சா இல்லியா?"

"பிளேன் கீழதான் கெடக்குது தம்பி," என்றாள் பின்சி. "ஆளு மேல ஏறியாச்சு."