தாயக்கட்டை போட்ட கையெழுத்து

ஜவ்வாது மலையில் கரடிக்குப் பயந்து ஓடியவர்களைவிடத் தாயக்கட்டைக்குப் பயந்து ஓடியவர்கள்தான் அதிகம். கரடியாவது மோப்பம் பிடித்துவிட்டு ஒதுங்கிப் போகும். தாயக்கட்டை வழிமறித்து நின்று, "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு" என்பான். நீங்கள் ஏழு என்பீர்கள். அவனிடம் மாட்டிய பெரும்பாலோர் ஏழுதான் சொன்னார்கள். உடனே தலையில் அடித்துக்கொள்வான்.

"பாரு, நீயும் ஏழு! மனுசனுக்குக் கண்டபடி ஒண்ணு பண்ணவே வராதுய்யா!"

சாமையும் புளியும் விளைவிக்கும் மலைக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. நான் கணக்கு எழுதினேன், அவன் கம்ப்யூட்டர் பார்த்தான். அவனுக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை கிடக்கும். மனித மனதை நம்பக்கூடாது என்பது அவன் கொள்கை என்பதால், வாழ்க்கையின் சகல முடிவுகளையும் அந்தக் கட்டைகளிடம் ஒப்படைத்திருந்தான்.

டீக்கடைக்குப் போனால் முதலில் பெஞ்சில் கட்டையை உருட்டுவான். தாயம் விழுந்தால் டீ, இரண்டு விழுந்தால் காபி, மூன்று விழுந்தால் பால். பன்னிரண்டு விழுந்தால் ஒன்றும் குடிக்காமல் திரும்பிவிடுவான்.

"யோவ், இன்னா வோணும்னு வாயத் தொறந்து சொல்லுய்யா, பால் பொங்குது!" என்று கடைக்காரர் கத்துவார். அதற்குள் கட்டை பெஞ்சுக்கு அடியில் ஓடியிருக்கும். நாங்கள் எல்லாரும் குனிந்து தேட வேண்டும்.

ஒருமுறை வீட்டுக்குப் போகிறேன் என்று லீவு போட்டுவிட்டுப் போனவன், போளூர் பஸ் ஸ்டாண்டில் கட்டையை உருட்டியிருக்கிறான். அது அவனைப் படவேடு பஸ்ஸில் ஏற்றிவிட்டது. கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலேயே மலைக்குத் திரும்பி வந்தான். கேட்டால், "கட்டை படவேடுன்னு சொல்லிச்சு, நான் இன்னா பண்றது?" என்றான்.

பெண் பார்க்கப் போன கதை இதைவிட மோசம். "பொண்ணு புடிச்சிருக்கா மாப்ளே?" என்று பெண்ணின் அப்பா கேட்க, இவன் பையில் கைவிட்டுச் சொஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் கட்டையை உருட்டிவிட்டான். "தாயம் விழுந்துதுங்க. புடிச்சிருக்குது" என்று சந்தோஷமாகவும் சொன்னான். அந்த வீட்டு ஆண்கள் அவனை பஸ் நிறுத்தம் வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தார்கள்.

இப்படிப்பட்டவனிடம்தான் காசியம்மாவின் மானம் போய் மாட்டிக்கொண்டது.

காசியம்மா எங்கள் சங்கத் தலைவி. மலையில் பிறந்து மலையில் விவசாயம் பார்ப்பவர். பொய் சொல்லத் தெரியாது. அதைவிடச் சங்கடம், மெதுவாகப் பேசத் தெரியாது. புளி வாங்குபவர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு ரசீதிலும் அவர்தான் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக யாரோ மலிவாக விற்ற மென்பொருளோடு ஒரு டேப்லெட் வாங்கியிருந்தோம். கையெழுத்துப் போடும் முன்பு, 'திரையில் இஷ்டப்படி கிறுக்கவும்' என்று அது கேட்கும். அந்தக் கிறுக்கலிலிருந்து தனக்குள் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளும். முதல் நாளே தாயக்கட்டை, "மனுசன் கிறுக்கறத நம்பி ஒரு பூட்டா? தூக்கிக் கடாசுங்க" என்றான். டீ குடிக்கக்கூடத் தன்னை நம்பாதவன் பேச்சை யார் கேட்பது?

அந்தப் புளி சீசனில் போளூர் வியாபாரி ஒருவர் மருமகனோடு மலையேறி வந்தார். மகசூல் மொத்தத்தையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பதாக ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். அடியில் காசியம்மாவின் டிஜிட்டல் கையெழுத்து. சோதித்துப் பார்த்தால் மென்பொருள் பச்சை டிக் காட்டியது.

கிடங்கில் புளி மூட்டைகளுக்கு நடுவே கூட்டம் போட்டோம். "சத்தியமா நான் போடலபா!" என்றார் காசியம்மா. குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. கீழேயிருந்து வந்திருந்த கூட்டுறவுத் துறை அதிகாரி, "மெஷின் எதுக்கும்மா பொய் சொல்லப் போவுது?" என்றார். காசியம்மா விலைபோய்விட்டார் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவி பதவியிலிருந்து அவரை இறக்கிவிடக் கை தூக்கவேண்டியதுதான் பாக்கி.

தாயக்கட்டை எழுந்தான். "அதுக்கு மின்னாடி எல்லாரும் ஒருவாட்டி இதுல இஷ்டத்துக்குக் கிறுக்கிட்டுப் போங்க" என்று டேப்லெட்டை நீட்டினான்.

முதல் ஆள் பிள்ளையார் சுழி போட்டார். இரண்டாவது ஆளும் பிள்ளையார் சுழி. மூன்றாமவர், புதுசாக ஏதாவது செய்தே தீருவது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்து, "ஆரம்பிக்கணுமேபா" என்று முதலில் ஒரு சுழி போட்டார். டேப்லெட் அதோடு திருப்தியாகிவிட்டது. அதிகாரியும் சுழிதான், கீழே இரண்டு கோடும் சேர்த்து இழுத்தார். போளூர் வியாபாரியும் பழக்கதோஷத்தில் அதையே போட்டார்.

"நீ போடு பாப்போம்!" என்றார் காசியம்மா. தாயக்கட்டை விரலை வைத்தான். அது வளைந்து சுழித்துக் கோடு இழுத்துவிட்டுத்தான் நின்றது. தன் விரலையே துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கிடங்கே சிரித்தது.

அப்புறம் விளக்கினான். அந்த மலிவு மென்பொருள் திரையைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, விரல் எந்தக் கட்டத்தில் பட்டது என்று மட்டும் பார்க்கிறது. காசியம்மாவும் ரசீதுக்கு ரசீது பிள்ளையார் சுழிதான் போட்டிருந்தார். சுழிக்குச் சுழி அதே கட்டங்கள், அதனால் அதே ரகசிய எண். ஒவ்வொரு கையெழுத்துக்கும் புது எண் வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு கையெழுத்துப் போட்டால், அந்த இரண்டையும் வைத்திருப்பவன் கணக்குப் போட்டு, காசியம்மா பெயரில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவியையே எடுத்துவிடலாம். "பழைய ரசீத பாருங்க. எல்லாக் கையெழுத்துலயும் முன்பாதி ஒரே மாதிரி கீது. இவருகிட்டயும் அந்த ரசீதெல்லாம் போயிருக்குது" என்று வியாபாரியைக் காட்டினான்.

"இதெல்லாம் வாயால சொல்லலாம்" என்றார் அதிகாரி.

தாயக்கட்டை லேப்டாப்பைத் திறந்து, இரண்டு பழைய ரசீதுகளை வைத்துக் கொஞ்ச நேரம் தட்டினான். காசியம்மா பெயரில் ஒரு பத்திரம் தயாராயிற்று: 'என் எருமைகள் அனைத்தையும் தாயக்கட்டைக்கு மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கிறேன்.' அடியில் காசியம்மாவின் கையெழுத்து. மென்பொருள் பச்சை டிக் காட்டியது.

"என் எருமைய எவன்டா தொடுவான்!" என்று காசியம்மா போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. குரல் திரும்பி வந்துவிட்டது. கம்ப்யூட்டர் படித்த மருமகன், யாரும் கூப்பிடாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மெல்ல வெளியேறினான். மாமனார் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார். புளி மலையிலேயே இருந்தது. தலைவியும் தலைவியாகவே இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் காசியம்மா அவனிடம் வந்தார். "நான் போட்டிருக்க மாட்டேன்னு அந்த ரசீதப் பாத்துத்தான் கண்டுபுடிச்சியாபா?"

"இல்லக்கா. அத அப்பறமாத்தான் எடுத்தேன்."

"அப்பறம் எப்புடித் தெரிஞ்சுது?"

"நீங்கதான் போடலன்னு சொன்னீங்களே" என்றான், இது ஒரு கேள்வியா என்பதுபோல.

காசியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புளி மூட்டையை எண்ணுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன்.

நான் இன்றைக்கும் அவனைப் பைத்தியம் என்றுதான் சொல்கிறேன். வேறு யாராவது அப்படிச் சொன்னால் மட்டும் சட்டையைப் பிடித்துவிடுகிறேன்.