ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது, மாப்பிள்ளை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அக்காவைத் தவிர. அவளும் உடம்பால் நலம், வாயால்தான் இல்லை. அங்கே நீங்களும் நலம் என்று என் மகள் சொன்னாள், நீங்கள் சொல்லவில்லை. கைப்பேசியில் நான் எதை எழுதி அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புகிறீர்கள். அந்த விரல் 'ஆகட்டும்' என்கிறதா, 'ஆளை விடுங்கள்' என்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே, விரலைக் காட்டித் தப்பிக்க முடியாதபடி தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. இதில் வருவதெல்லாம் குறை அல்ல, விவரம்.

விஷயம் உங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான் என்றாலும் முதலிலிருந்து வருகிறேன். என் அக்கா, அதாவது உங்கள் மனைவியின் அத்தை, தையல் கூடத்தில் மேற்பார்வை பார்த்தவள். அத்தனை இயந்திரம் ஓடும்போதும் அவள் முதல் வரிசையில் நின்று திட்டினால் கடைசி வரிசையில் நூல் அறுந்துபோகும். பக்கவாதம் வந்த பிறகு கை, கால் பாதி திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. அவள் வாயில் 'அது' என்ற ஒரே சொல்தான் மிச்சம். தண்ணீரும் அது, ஜன்னலும் அது, நானும் அது. எந்த அது என்று கேட்டால் இன்னொரு அது வரும், கொஞ்சம் உரக்க. மறுவாழ்வு நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அக்கா அதைத் தள்ளிவிட்டாள். எனக்குக் காரணம் புரிந்தது. அட்டையைக் காட்டினால் பார்ப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவனை அட்டையால் எப்படி நிறுத்துவது? அவளுக்கு வேண்டியது படம் அல்ல, சத்தம். அந்த நேரத்தில்தான் நீங்கள் எழுதி இணையத்தில் போட்டிருக்கும் 'பேசும் பலகை' பற்றி மகள் சொன்னாள். திரையில் படத்தைத் தொட்டால் கணினி உரக்கச் சொல்லும். நல்ல காரியம். நம் பெண் கெட்டிக்காரரைத்தான் பிடித்திருக்கிறாள் என்று உங்கள் மாமியாரிடம் சொன்னேன். அது உங்கள் நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால்.

நிலையத்தில் இருக்கும் கணினிகளுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான். நோயாளிகளின் விவரம் இருப்பதால் அவற்றுக்கு இணையம் கிடையாது. உங்களிடம் தொலைபேசியில் கேட்டேன். "மாமா, ஒரே ஒரு வரி. உங்க வீட்டு லேப்டாப்ல டைப் பண்ணி என்டர் தட்டுங்க, தானா வந்து உக்காந்துக்கும், அப்படியே காப்பி பண்ணிடுங்க" என்றீர்கள். "தானா வந்து உக்காந்தா அதுக்குப் பேரு விருந்தாளி மாப்பிள்ளை. எப்ப எழுந்து போகும்?" என்றேன். "போகச் சொல்லவும் ஒரு வரி இருக்கு மாமா." "கூட்டிட்டு வந்த சொந்தக்காரங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போகுமா?" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். மேலே ஏற்றிவிடுவது வித்தையே இல்லை. ஏறினதைச் சேதமில்லாமல் இறக்கத் தெரிய வேண்டும். எனக்கு யாரும் கணினி சொல்லித் தரவில்லை, நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். கற்றதில் எனக்குப் பிடித்தது இதுதான்: லினக்ஸிடம் எந்தக் கோப்பைக் காட்டி 'இது யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்டாலும், இன்ன பேக்கேஜ் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். பேக்கேஜ் என்பது ஒரு நிரலின் கோப்புகளைக் கணக்கோடு கட்டிய மூட்டை; அதை எடுத்தால் பிள்ளைகளும் போய்விடும். நீங்கள் நிரல் எழுதுகிற பைத்தான் மொழிக்காரர்கள் கட்டுகிற மூட்டைக்கு லினக்ஸ் ஊர்க் கணக்கில் இடமே இல்லை. சந்தடியில் உள்ளே புகுந்து நிற்கும். ஆகையால் உங்கள் பைத்தான் மூட்டையைப் பிரித்து, லினக்ஸ் முறைப்படி திரும்பக் கட்டி, அக்காவுக்கு முறையாக ஒரு பேக்கேஜ் கொடுப்பது என்று முடிவு செய்தேன். உறுதியான முடிவு. இன்றுவரை மாறவில்லை.

தானாக மாற்றித் தருகிற கருவி ஒன்று இருக்கிறது. அதில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பேக்கேஜ் வந்துவிட்டது. எனக்கே சந்தேகம். பிரித்துப் பார்த்தால் விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 'இங்கே விளக்கம் எழுதவும்' என்று இருக்கிறது. சரி, எழுதினேன். இன்னார் எழுதியது, அவர் என் மகளின் கணவர், யாருக்காக, என்ன சூழ்நிலையில் என்று விவரமாக எழுதினேன். பேக்கேஜைச் சரிபார்க்கும் கருவி, முதல் வரி ரொம்ப நீளம் என்றது. குறைத்தேன். இன்னும் நீளம் என்றது. கடைசியில் 'படம் தொட்டால் பேசும்' என்று மூன்று சொல் வைத்தேன், வாயை மூடிக்கொண்டது. எட்டாம் வகுப்பில் என் தமிழய்யாகூட இந்த அளவுக்குக் கண்டிப்பு இல்லை. ஆனால் பாருங்கள், அந்த மூன்று சொல்லில் விஷயம் முழுக்க வந்துவிட்டது. இது எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது சொந்தக்காரர்கள். உங்கள் நிரல் தனியாக வராது. அதற்கு வேறொருவர் எழுதிய நிரல் துணை வேண்டும், அவருக்கு இன்னொருவர் துணை வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் வேனில் வந்து இறங்கின மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். லினக்ஸில் ஏற்கெனவே இருப்பவர்கள் போக மீதிப் பேரை நான்தான் ஒவ்வொருவராக மூட்டை கட்ட வேண்டும். கோபமாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பொய் சொல்லக் கூடாது, பிரிக்கப் பிரிக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒருவர் வெறும் நேரத்தை எழுத்தில் சொல்கிறார், ஒருவர் கோப்பின் பேரில் இடைவெளி இருந்தால் எடுத்துவிடுகிறார். கடைசியில் ஒருவர், எழுத்துக்கு வண்ணம் பூசுவது மட்டுமே அவர் வேலை. பேச முடியாதவளுக்காக எழுதின நிரலில் எழுத்துக்கு என்ன வண்ணப்பூச்சு? அதை எழுதின மனிதருக்கே எழுதிக் கேட்டேன். பனி பெய்கிற தூர தேசத்திலிருந்து பதில் வந்தது. பழகிப் பார்க்க எழுதினாராம், யாராவது பயன்படுத்துகிறார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். என் அக்காவுக்கு வேண்டியிருக்கிறது என்று எழுதினேன். அப்படியா அப்படியா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை, அந்த மனிதர் கட்டைவிரல் அனுப்பவில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே போகிறேன்.

இவர்களில் இரண்டு பேர் 'tests', அதாவது சோதனைகள், என்று ஒரே பேரில் ஒரு கோப்புப் பெட்டியைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைக்கப் பார்த்தார்கள். அதில் ஒருவர் நீங்கள். லினக்ஸ், இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. சரிதானே? பேருந்தில் துண்டு போட்ட இடத்தில் இன்னொருவர் உட்காரலாமா? உங்கள் பெட்டியை நான் உங்கள் வீட்டுக்குள்ளேயே தள்ளி வைத்தேன். அப்புறம், படம் காட்டுகிற நிரலில் இன்ன பதிப்புதான் வேண்டும், ஒரு புள்ளி குறையக் கூடாது, கூடவும் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். லினக்ஸில் இருப்பது அதற்கு ஒரு படி பழசு. நான் அந்த வரியைத் தளர்த்திவிட்டு ஓட்டினேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்படியானால் எதற்கு அந்தப் பிடிவாதம்? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். பிடிவாதத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா?

இப்போது முக்கியமான சம்பவத்துக்கு வருகிறேன். பேக்கேஜ் கட்டும்போதே நிரலின் சோதனைகள் ஓடிப் பார்க்க வேண்டும் என்பது முறை. நிலையத்துக் கணினியிலேயே கட்டினால் அதற்குப் பொருந்திவிடும் என்று, ஒரு நாள் இருட்டின பிறகு உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து கட்டினேன். இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு பெரியவர் நடை பழகிக்கொண்டிருந்தார், அக்கா ஜன்னலோரம் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதிய சோதனை என்ன செய்யும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு படத்தையும் வரிசையாகப் பேசவைத்துப் பார்க்குமாம். ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை. "தண்ணீர் வேண்டும்!" என்று ஒரு பெண் குரல் கூடமே அதிரக் கத்தியது. உதவியாளர் பெண் தண்ணீரோடு ஓடி வந்து, கம்பியில் நடந்துகொண்டிருந்த பெரியவர் வாயில் வைத்தாள். "விளக்கை அணை!" விளக்கை அணைத்தாள். "வலிக்கிறது! வலிக்கிறது!" இருட்டில் அவளுக்கு யார் என்று தெரியவில்லை.

"யாருக்குங்க வலிக்குது? கையைத் தூக்குங்க!"

"யாருக்கும் இல்லம்மா, கம்ப்யூட்டர்தான்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு வலிக்குதா சார்?"

"வலிக்கலைம்மா. வலிச்சா சொல்ல வருதான்னு பாக்குது."

"கழிப்பறை!" என்றது கணினி. அதற்குள் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார்கள். பெரியவர் இருட்டில் கம்பியைப் பிடித்தபடி, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், என்னை விட்டாப் போதும்" என்று கெஞ்சுகிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு பக்க வாய்தான் சிரித்தது, ஆனால் முழுச் சிரிப்பு. பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கணினியைக் கை நீட்டிக் காட்டி "அது" என்றாள். இந்த முறை எந்த அது என்று எல்லோருக்கும் புரிந்தது.

சோதனைகள் அத்தனையும் தேறிவிட்டன. அன்றைக்கே போட்டிருப்பேன். ஆனால் சரிபார்க்கும் கருவி ஒரு எச்சரிக்கை கொடுத்தது: உரிமம் இல்லை. இந்த நிரலை யார் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் மாற்றலாம் என்று எழுதியவர் ஒரு கோப்பு வைக்க வேண்டும்; நீங்கள் வைக்கவில்லை. பழகிப் பார்க்க எழுதின பனி தேசத்துக்காரரே வைத்திருக்கிறார். கைப்பேசியில் உங்களைக் கேட்டேன், கட்டைவிரல் வந்தது. பயிற்சி அம்மா தினமும் என்னிடம் சண்டை. "சார், உங்க மாப்பிள்ளை நிரல், உங்க அக்கா, இதுல யாருகிட்ட என்ன உரிமம் வேணும்? ஒரே ஒரு எச்சரிக்கைதானே, போட்டுத் தொலைங்க!" "ஒரே ஒரு எச்சரிக்கை இருக்கிற லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களாம்மா?" என்றேன். "என் அக்கா ஏழாவது மாடியில நின்னுக்கிட்டிருந்தா ஏறுவேன் சார்" என்கிறார். என்ன பேச்சு இது? அக்காவும் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் கணினியைக் காட்டி அது, அது என்கிறாள். நேற்றிலிருந்து அதுவும் சொல்லுவதில்லை, என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத வரவில்லை. ஆனாலும் முறை என்றால் முறை. பேக்கேஜ் என் பெயரில் போகிறது, பராமரிப்பாளர் என்று என் பேர்தான் அதில் இருக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, உரிமக் கோப்பை உடனே போட வேண்டியது, பதிப்புப் பிடிவாதத்தைத் தளர்த்த வேண்டியது, உங்கள் பெட்டியை உங்கள் வீட்டுக்குள் வைக்க வேண்டியது, சோதனையில் சத்தத்தைக் குறைக்க வேண்டியது, வண்ணப்பூச்சுக்காரர் நல்லவர்தான் என்றாலும் அவர் இங்கே எதற்கு என்று விளக்க வேண்டியது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு வார இறுதியிலும் புதுப் பதிப்பு வெளியிடுவதை நிறுத்த வேண்டியது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தைச் சேர்த்தால், திங்கட்கிழமை இங்கே ஒரு கிழவன் மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், எழுதினதெல்லாம் முதல் தடவையே ஓடி, வாயார வாழ்த்துகிறவர்கள் சூழ நீடு வாழ வேண்டும். உங்கள் மாமியார் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவள் சொல்லச் சொன்ன மற்றவை என்னைப் பற்றியவை, ஆகையால் எழுதவில்லை.

இப்படிக்கு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நிலையத்து மேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பயிற்சி அம்மா என் பென்டிரைவை எடுத்து, எச்சரிக்கையோடு பேக்கேஜைப் போட்டுவிட்டார். கடவுச்சொல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தட்டும்போது ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே சார் தட்டுறீங்க, இங்க எல்லாருக்கும் தெரியும்" என்கிறார். இது என்ன அக்கிரமம் என்று நான் அவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "நீ. சத்தம். போதும்." கூடமே அடங்கிவிட்டது. குரல் வேறு யாருடையதோ, ஆனால் திட்டு அக்காவுடையதுதான், மாப்பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை.

என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கிற மாதிரி இந்தத் தாளைக் காட்டினாள். முழுக்கப் படித்துக் காட்டினேன். உரிமம் என்றதும் "வேண்டாம்." பதிப்பு என்றதும் "வேண்டாம்." பெட்டி, சத்தம், வண்ணம், எல்லாவற்றுக்கும் விரலை எடுக்காமல் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஆசீர்வாதம் வந்த இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டாள். ஆகையால் அதைத் தவிர மேலே உள்ள எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடித்து எழுதத் தாள் இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன்.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. பலகையில் பக்கம் பக்கமாகத் தள்ளி ரொம்ப நேரம் எதையோ தேடினாள். வீடு, தூக்கம், ஜன்னல், தட்டு, எதிலும் விரல் நிற்கவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்துத் தன் வாயாலேயே "அது" என்றாள், மெதுவாக. எது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்தப் படத்தை இன்னும் வரையவில்லை என்பது மட்டும் தெரிகிறது. வாரம் ஒரு பதிப்பு போதாது மாப்பிள்ளை, முடிந்தால் தினமும் போடுங்கள். மனதில் தோன்றுகிற படத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டே இருங்கள், நான் அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருக்கிறேன். எந்தப் படத்தில் அவள் விரல் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உரிமக் கோப்பை மட்டும் அக்காவுக்குத் தெரியாமல் அனுப்பிவிடுங்கள்.