கீழ்வீட்டுத் துடைப்பம்

பார்மா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கை கிளேலியாவுக்கு அண்ணன் எர்மேத்தே எழுதுவது. இங்கு நானும் உன் மகள் நிவேஸும் நலம். கிரெமோனாவில் நீயும் மாப்பிள்ளையும் மருந்துக்கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிவேஸ் ஓபராப் பாட்டிலேயே இருக்கட்டுமா, கடைக்குத் திரும்பட்டுமா, நீங்கள் சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் முடிவுகளை நானே நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் லத்தீன் வகுப்பு எடுத்துப் பழகிய வழக்கப்படி வரிசையாக எழுதுகிறேன்:

1. தொண்டை.
2. காத்திருப்பு.
3. அக்கம்பக்கம்.
4. முடிவு.

முதலில் தொண்டை. அது அவளுடையது என்றுதான் நினைத்திருந்தேன்; இப்போது வீட்டுக்கே எஜமான் அது. ஜன்னலைத் திறக்கக் கூடாது, அடுப்பில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நான் தும்முவதானால் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தும்ம வேண்டும். ஒத்திகைக்கு முந்தின நாள் அவள் பேசவே மாட்டாள், சைகைதான். மரியாதைக்காக நானும் சைகையில் பதில் சொல்லிப் பழகி, நேற்று ரொட்டிக் கடையிலும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "என்ன வாத்தியாரே, பல்லு ஏதும் போச்சா?" என்றார்.

அடுத்தது காத்திருப்பு. அவளுக்குக் கிடைத்திருப்பது மாற்றுப் பாடகி வேலை. முழுப் பாட்டையும் நெட்டுருப் போட்டு வைத்து, பெரிய பாடகிக்கு உடம்பு முடியாமல் போனால் மேடையேற வேண்டும். அந்த அம்மாளுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. தினமும் அவர் நலத்தை விசாரிக்கிறோம். என்ன பதிலை எதிர்பார்த்து என்று கேட்காதே. ஒரு நாள் நீ பின்னித் தந்த ஊதாக் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓபரா அரங்கத்துக்கு நிவேஸுக்கு சூப் கொண்டுபோனேன். வாயிற்காவலர் மறித்துக்கொண்டார். "பெரியவரே, ஊதா மேடைக்கு ஆகாதுன்னு தெரியாதா? இன்னிக்கு யாருக்காவது தொண்டை கட்டினா நீங்கதான் பொறுப்பு." துண்டைச் சுருட்டிக் கோட்டுக்குள் ஒளித்தேன். பெரிய பாடகிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உன் துண்டின் மேல் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற பல் மருத்துவர் பனிட்சி அம்மாள் இருக்கிறார். நிவேஸ் பாடினால் துடைப்பக் கட்டையால் தம் கூரையை இடிக்கிறார், அதாவது என் காலடியை. படிக்கட்டில் அவரைக் கண்டால் நான் தபால் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொள்கிறேன். "மெதுவாப் பாடேம்மா" என்று நிவேஸிடம் சொல்லிப் பார்த்தேன். "மெதுவாப் பாடினா அரங்கத்து மேல்மாடத்துல உட்கார்ற ஜனங்க கேலியாச் சீட்டி அடிச்சே என்ன ஊருக்கு அனுப்பிருவாங்க மாமா" என்றாள். அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் ஒரு தொழில் நடக்க வேண்டுமா?

ஆகவே நான்காவது: அவளைக் கடைக்கே அழைத்துக்கொள். திங்கட்கிழமை ரயில் ஏற்றிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் கடையில் இருமல் மருந்து நிறைய விற்கட்டும். உங்களுக்கு இருமல் வராதிருக்கட்டும்.

அன்புடன்,
எர்மேத்தே

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்திருக்கிறேன், கிழிசலுக்கு மன்னித்துக்கொள். நிவேஸ் ஊருக்கு, மருந்துக்கடைக்கே போகிறாள், இனித் தொல்லை இருக்காது என்று சொல்லலாமே என, துணிந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பொண்ண ஊருக்கு அனுப்பறீங்களா? யாரக் கேட்டு?" என்றார் பனிட்சி அம்மாள்.

"நீங்கதானே இடிச்சீங்க..."

"சத்தத்துக்கா இடிச்சேன்? அந்த அழுகைப் பாட்டுல நடு வரியில மூச்சு வாங்கறா. சின்ன வயசுலேர்ந்து மேல்மாடத்துல உட்கார்ந்து கேட்கறவ நான், அத எப்படிப் பொறுத்துக்கறது? முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவல. இந்த நேரத்துல போய் மாத்திரை எண்ணச் சொல்றீங்களே. படிச்சவரு பேசற பேச்சா இது?"

மேலே வந்து நிவேஸிடம் சொன்னேன். "தெரியும் மாமா. அந்த இடிய வெச்சுத்தான் திருத்திக்கிட்டு வரேன்" என்றாள்.

இதை எழுதும்போது அந்த வரியை ஒரே மூச்சில் பாடி முடித்தாள். நான் பேனாவை வைத்துவிட்டுக் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பம் இடிக்கவில்லை.

கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள், கிளேலியா. மூன்றாவதாக நான் எழுதியது தவறு.